விரல் அசைவும் சிறு யந்திரமும்

பொழுதுபோக்காக மின்னணுச் சாதனங்களைத் தாமே செய்து பார்க்கும் ஆர்வமுடையோர், ஒரு விளக்கை எரியவிட்டும் ஒரு சிறு மோட்டாரைச் சுழலவிட்டும் திருப்தியடைந்த பிறகு, அநேகமாக எல்லோரும் ஒரு கட்டத்தில் வந்து சேரும் விருப்பம் ஒன்று உண்டு. பொத்தானை அழுத்தாமல், குமிழைத் திருகாமல், விரலை மடக்குவதும் நீட்டுவதுமே யந்திரத்துக்குக் கட்டளையாக வேண்டும் என்பது அது. பொறியியல் கல்லூரிகளின் இறுதியாண்டு புராஜெக்டுகளிலும், பள்ளிகளின் விஞ்ஞானக் கண்காட்சிகளிலும், வீட்டு மேஜைகளிலும் இந்த விருப்பம் ஒரு கையுறையின் வடிவில் வருஷந்தோறும் பிறந்துகொண்டே இருக்கிறது. கண்காட்சி நாளன்று அழகாக இயங்கிவிட்டு அடுத்த வாரமே இயங்க மறுக்கும் கையுறைகள் அவற்றில் ஏராளம். செய்தவர்களின் உழைப்பிலோ சாமர்த்தியத்திலோ குறை சொல்ல இடமில்லை. எந்தச் சென்சாரை வாங்குவது என்று முதலில் நிர்ணயித்துவிட்டு, விரலின் எந்தச் சலனத்தை அளக்கப் போகிறோம் என்பதை அதன் பிறகு யோசிப்பதுதான் இந்த விபத்துக்கு மூலகாரணம் என்பது என் அபிப்பிராயம். ஆகவே கடைகளில் கிடைக்கும் உபகரணங்களை ஆராய்வதற்கு முன்பாக, அவற்றை அணியப்போகும் கையைச் சிறிது ஆராய்வது உசிதம்.

கட்டைவிரல் நீங்கலான நான்கு விரல்களுக்கும் மும்மூன்று எலும்புகளும் மும்மூன்று மூட்டுகளும் உள்ளன. அடிமூட்டு மடங்குவதோடு பக்கவாட்டிலும் விரியக்கூடியது. நடுமூட்டும் நுனிமூட்டும் மடங்க மட்டுமே அறிந்தவை. இப்படி ஒரு விரலுக்கே நான்கு வகைச் சலனங்கள் ஏற்பட, பல திசைகளில் வளையும் கட்டைவிரலையும் மணிக்கட்டின் சுழற்சியையும் சேர்த்துக்கொண்டால், ஒரு கையின் நிலையை முழுவதும் வருணிக்க இருபதுக்கும் மேற்பட்ட எண்கள் தேவையாகின்றன. ஆனால் அந்த எண்கள் ஒவ்வொன்றும் சுதந்திரமானவை என்று நினைத்துவிடலாகாது. நுனிமூட்டு பெரும்பாலும் நடுமூட்டைப் பின்தொடர்ந்தே மடங்குகிறது. மோதிர விரலை மட்டும் தனியே மடக்கப் பார்க்கிறவர், பக்கத்து விரல்கள் இரண்டும் கூடவே இழுபடுவதைப் பிரத்தியட்சமாகக் காணலாம். விரல்களை மடக்கும் பிரதானத் தசைகளோ விரல்களில் இல்லவே இல்லை. அவை முழங்கைக்குக் கீழே முன்கையில் இருந்துகொண்டு, மணிக்கட்டின் வழியாகச் செல்லும் தசைநாண்களால் விரல்களை இழுக்கின்றன. எனவே விரலின் அசைவை அளக்க விரும்புகிறவருக்கு நான்கு இடங்கள் திறந்திருக்கின்றன: மூட்டின் மேலே உண்டாகும் வளைவை அளக்கலாம், விரல் ஆகாசத்தில் எங்கே இருக்கிறது என்பதைத் தூரத்திலிருந்து பார்க்கலாம், முன்கைத் தசையில் எழும் மின்துடிப்பைக் கேட்கலாம், அல்லது விரல் எதைத் தொடுகிறது என்பதை மட்டும் கவனிக்கலாம். இதுவரை உண்டான உபகரணங்கள் எல்லாம் இந்த நான்கு வழிகளுள் ஒன்றிலோ, இரண்டின் சேர்க்கையிலோ அடங்கிவிடும்.

இவற்றுள் காலத்தால் முந்தியது தூரத்திலிருந்து பார்க்கும் வழியே என்பது வியப்புக்குரியது. ருஷ்ய விஞ்ஞானி லெவ் தெரமின் 1920-ஆம் ஆண்டில் அமைத்து, பின்னர் 1928-இல் அமெரிக்காவில் பேட்டண்ட் பெற்ற சங்கீதக் கருவியில், வாசிப்பவர் எதையும் தொடுவதில்லை. நிமிர்ந்து நிற்கும் ஓர் ஆண்டெனாவுக்கு அருகில் கை வரும்போது உண்டாகும் மிகச் சிறிய மின்கொண்மை மாறுதலே ஸ்வரத்தை ஏற்றி இறக்குகிறது. அக்கருவியின் தலைசிறந்த கலைஞரான கிளாரா ராக்மோர், கை முழுவதையும் அசைப்பதை விட்டு, விரல்களை மடக்கியும் விரித்தும் ஸ்வரங்களைத் துல்லியமாகப் பிடிக்கும் ஒரு முறையைத் தமக்கென்றே வகுத்துக்கொண்டார். விரல் அசைவை மின்சாரத்துக்குக் கட்டளையாக்கும் வித்தையின் முதல் ஆசாரியராக அவரை மதிப்பதில் எனக்குத் தயக்கமில்லை. கையுறையின் சரித்திரம் அரை நூற்றாண்டுக்குப் பிறகே தொடங்குகிறது. 1977-இல் சிகாகோவிலுள்ள இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தாமஸ் டிஃபாண்டியும் டேனியல் சாண்டினும், ரிச் சேயர் என்பவரின் யோசனையை ஆதாரமாகக் கொண்டு, விரலின் நெடுகிலும் வளையும் குழாய்களைப் பொருத்தி, ஒரு முனையில் விளக்கையும் மறுமுனையில் ஒளியுணரும் செல்லையும் வைத்தனர். விரல் மடங்க மடங்கக் குழாயும் வளைந்து, கடந்து வரும் ஒளி குறைந்தது. அடுத்த பத்தாண்டுக்குள் தாமஸ் ஸிம்மர்மனும் ஜேரன் லானியரும் வி.பி.எல். நிறுவனத்தின் மூலம் ஒளியிழை பொருத்திய டேட்டா குளவ் என்ற கையுறையை விற்பனைக்குக் கொணர்ந்தனர். அதன் விலை பல்லாயிரம் டாலர். ஆராய்ச்சிக்கூடங்களைத் தவிர வேறெவரும் அதை நெருங்கியிருக்க முடியாது.

சாமான்யர் கைக்கு அந்த வித்தை எட்டியது 1989-இல். மேட்டல் நிறுவனம் நிண்டெண்டோ விளையாட்டுப் பெட்டிக்காக வெளியிட்ட பவர் குளவ், ஒளியிழையைக் கைவிட்டு, மெல்லிய பிளாஸ்டிக் பட்டையின் மேல் மின்சாரம் கடத்தும் மையைப் பூசிய சென்சாரைக் கைக்கொண்டு, நூறு டாலருக்கும் குறைவான விலையில் கடைக்கு வந்தது. சுண்டுவிரலுக்கு அதில் சென்சார் கிடையாது. மற்ற நான்கு விரல்களின் மடக்கமும் நான்கே படிகளில் அறியப்பட்டது. விளையாட்டுச் சாதனம் என்ற முறையில் அது நிலைக்கவில்லை. ஆயினும் விரலின் மடக்கத்தை நான்கு படிகளாக அறிந்தாலும் போதும், ஒரு கட்டளையை அமைத்துவிடலாம் என்ற அதன் துணிவை நான் மிகவும் மதிக்கிறேன். இன்று 1,024 படிகளை அளந்துவிட்டு அவற்றுள் இரண்டை மட்டுமே பயன்படுத்தும் எத்தனையோ கையுறைகளைவிட அதன் வடிவமைப்பு விவேகம் மிக்கது.

இன்றைய பொழுதுபோக்காளர் ‘ஃபிளெக்ஸ் சென்சார்’ என்று வாங்குவது அந்தப் பவர் குளவ் பட்டையின் வம்சத்தைச் சேர்ந்ததுதான். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள ஸ்பெக்ட்ரா சிம்பல் நிறுவனம் செய்யும் 2.2 அங்குலப் பட்டையும் 4.5 அங்குலப் பட்டையும் உலகெங்கும் பிரசித்தம். மை பூசிய பக்கம் வெளிப்புறமாக இருக்கும்படி வளைத்தால், மைப்பூச்சு நீண்டு, அதிலுள்ள கரித்துகள்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, மின்தடை ஏறுகிறது. எதிர்ப்புறமாக வளைத்தாலோ உபயோகமான மாறுதல் எதுவும் கிடைப்பதில்லை. 2.2 அங்குலப் பட்டை நேராக இருக்கையில் அதன் தடை 25 கிலோ ஓம் என்று தயாரிப்பாளர் கூறுகிறார். ஆனால் அந்த எண்ணில் முப்பது சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்றும் அவரே அறிவித்துவிடுகிறார். ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு பட்டைகளுள் ஒன்று 18 என்றும் மற்றொன்று 32 என்றும் காட்டினால் அதைப் பழுதென்று சொல்ல முடியாது. ஒருவர் தம் கையுறைக்கு எழுதிய நிரலில் உள்ள எண்களை மற்றொருவர் அப்படியே எடுத்துக்கொண்டு, ‘எனக்கு வேலை செய்யவில்லையே’ என்று வருந்துவதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

மைக்ரோகண்ட்ரோலருக்குத் தடை இன்னதென்று தெரியாது; அது அறிந்ததெல்லாம் வோல்டேஜ் ஒன்றே. எனவே பட்டையோடு ஒரு நிலையான ரெசிஸ்டரைத் தொடராக இணைத்து, 5 வோல்ட்டை இரண்டுக்கும் பங்கிட்டுக் கொடுத்து, நடுவிலுள்ள வோல்டேஜைப் படிக்கிறோம். அந்த ரெசிஸ்டரின் மதிப்பு என்னவாக இருக்க வேண்டும் என்ற கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. கைக்கு வந்த 10 கிலோ ஓமைப் போட்டுவிடுகிறார்கள். பட்டையின் தடை நேராக இருக்கையில் 25 கிலோ ஓமும், விரல் மடங்குகையில் 50 கிலோ ஓமும் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்ப்போம். ரெசிஸ்டர் 10 கிலோ ஓமானால், ஆர்டுயினோ ஊனோ என்ற மைக்ரோகண்ட்ரோலர் பலகை 5 வோல்ட்டை 1,024 படிகளாகப் பகுத்துப் படிக்கும் எண் 292-இலிருந்து 170-க்கு இறங்குகிறது. இடையே 122 படிகள். 100 கிலோ ஓமானால் 818-இலிருந்து 682-க்கு, 136 படிகள். 35 கிலோ ஓமானாலோ 597-இலிருந்து 421-க்கு, 176 படிகள். இரண்டு எல்லைத் தடைகளையும் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தை எடுத்தால் வரும் மதிப்பே மிக அதிகமான வீச்சைத் தருவது. 25-ஐயும் 50-ஐயும் பெருக்கினால் 1,250, அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 35. கடையில் எளிதாகக் கிடைக்கும் 33 கிலோ ஓம் இதற்குப் போதுமான அளவு நெருங்கியது. ஒரு மல்டிமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பட்டையின் இரு எல்லைகளையும் அளந்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ரெசிஸ்டரைத் தேர்ந்தெடுப்பதற்கு அரைமணி நேரம் பிடிக்கலாம். நிரலில் எத்தனை சாதுரியம் செய்தாலும் அந்த அரைமணிக்கு ஈடாகாது.

வேகத்தைப் பற்றிய கவலை வேண்டாம். சாதாரண மனிதர் ஆள்காட்டி விரலை எவ்வளவு வேகமாகத் தட்டினாலும் விநாடிக்கு ஐந்து முதல் ஏழு தடவைக்கு மேல் தட்டுவது அரிது; விநாடிக்கு நூறு தடவை படித்தால் அந்த அசைவில் எதுவும் தப்பாது. ஊனோ பலகையோ ஓர் அளவைப் படிக்க ஏறக்குறைய 100 மைக்ரோ விநாடிதான் எடுத்துக்கொள்கிறது. ஐந்து விரல்களையும் விநாடிக்கு நூறு முறை படித்தாலும் அதன் காலத்தில் இருபதில் ஒரு பங்குதான் செலவாகும். உண்மையான நெருக்கடி பலகையில் சென்சார்களை இணைக்கும் கால்களின் எண்ணிக்கையில் வருகிறது. ஊனோவுக்கு அனலாக் கால்கள் ஆறு. ஐந்து விரலுக்கு அது போதுமென்று தோன்றும். ஆனால் கையின் சாய்வை அறிய ஐ-ஸ்கொயர்-சி முறையில் பேசும் ஒரு சென்சாரையும் சேர்த்தால், ஆறில் இரண்டு கால்களை அது எடுத்துக்கொண்டுவிட, நான்கு விரல்களே எஞ்சுகின்றன. எட்டு அனலாக் கால்களையுடைய நானோ பலகை இந்த இடத்தில் ஊனோவைவிடச் சிறியதாகவும் பொருத்தமாகவும் அமைகிறது. ராஸ்பெரி பை பிக்கோவில் வெளியே கொண்டுவரப்பட்ட அனலாக் கால்கள் மூன்றுதான். இ.எஸ்.பி.32-இல் கால்கள் பல இருந்தும், அவற்றுள் ஒரு தொகுதி வைஃபை இயங்கும்போது பயன்படாமற் போகிறது.

பட்டையைக் கையுறையில் பொருத்துவதில்தான் மிகப் பெரிய கவனம் வேண்டும். விரல் மடங்கும்போது அதன் முதுகுப்புறம் நீளுகிறது, பட்டையோ நீளாது. இரண்டு முனைகளையும் துணியோடு சேர்த்துத் தைத்துவிட்டால், ஒவ்வொரு மடக்கிலும் பட்டை இழுபட்டு, அதன் அடியில் கம்பிகள் சேருமிடத்தில் முறியும். பட்டையின் அடிமுனையைப் புறங்கையில் அசையாமல் இருத்தி, விரலின் முதுகில் மெல்லிய துணியால் ஓர் உறை தைத்து, நுனிமுனை அந்த உறைக்குள் தாராளமாக வழுக்கிச் செல்லும்படி விட்டால், அதே பட்டை மாதக்கணக்கில் உழைக்கிறது. சால்டரிங் அயர்னின் சூடு பிளாஸ்டிக்கை உருக்கிவிடுமாதலால், கால்களில் நேராகச் சால்டர் வைப்பதைத் தவிர்த்து இணைப்பியில் செருகுவதும், ஒற்றைக் கம்பியை விட்டுப் பல இழைகள் கொண்ட மிருதுவான கம்பியைப் பயன்படுத்துவதும், அந்த இணைப்பின் மேல் சுருங்கும் குழாயைப் போடுவதும் அற்ப விஷயங்களாகத் தோன்றலாம்; கண்காட்சிக்கு மறுவாரம் மௌனமாகிவிட்ட கையுறைகளைப் பிரித்துப் பார்த்தவரையில், பழுது நிரலில் இருந்ததைவிட இந்த இரண்டு அங்குல இடத்தில் இருந்ததையே நான் அதிகமாகக் கண்டிருக்கிறேன்.

பொருத்திய பிறகும் அளவு ஸ்திரமாக நிற்பதில்லை. கையுறை ஒருவர் விரலில் இறுக்கமாகவும் மற்றொருவர் விரலில் தளர்வாகவும் இருக்கும். அதே விரலில் காலையில் ஒரு விதமாகவும், வேர்த்துப்போன பிற்பகலில் வேறு விதமாகவும் உட்காரும். தையற்காரர் ஒவ்வொருவருக்கும் புதிதாக அளவெடுப்பதைப் போல, கையுறையும் ஒவ்வொரு முறை அணியப்படும்போதும், கையை முழுவதும் விரித்து முழுவதும் மூடச் சொல்லி, அந்தச் சில விநாடிகளில் கண்ட மிகச் சிறிய எண்ணையும் மிகப் பெரிய எண்ணையும் எல்லைகளாக ஏற்று, பின்னர் வரும் எண்களையெல்லாம் சூன்யத்திலிருந்து நூறு வரையிலான ஓர் அளவுகோலுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ஐம்பதைத் தாண்டினால் மடங்கியது, தாண்டாவிட்டால் நீண்டது என்று ஒரே கோட்டைக் கிழித்தால், விரல் அந்தக் கோட்டருகே தயங்கும்போது விளக்கு படபடவென்று எரிந்தணையும். மடங்கியதாக ஏற்க 65-ஐயும், நீண்டதாக ஏற்க 45-ஐயும் வைத்துவிட்டால் அந்தத் தடுமாற்றம் நின்றுபோகும். எண்களின் நடுக்கத்தைப் போக்க, பழைய மதிப்புக்கும் புதிய மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தில் எட்டில் ஒரு பங்கை மட்டும் ஒவ்வொரு முறையும் சேர்த்துக்கொள்ளும் எளிய வழி பெரும்பாலும் போதுமானது. ஆனால் விநாடிக்கு நூறு முறை படிக்கும் கையுறையில் இது ஏறத்தாழ 75 மில்லி விநாடித் தாமதத்தை உண்டாக்குகிறது என்பதை மறக்கலாகாது. விளக்குக்கு அது பாதகமில்லை; விரலசைத்து ஸ்வரம் எழுப்பும் கருவிக்கு அது பொறுக்கமுடியாத தாமதம்.

விலை கொடுத்து வாங்க இயலாதவர்கள் பட்டையைத் தாமே செய்துகொள்ளவும் வழி இருக்கிறது. மின்னணுப் பாகங்களை நிலைமின்சாரத்திலிருந்து காக்கப் பயன்படும் வெலோஸ்டாட் என்ற கரி கலந்த கறுப்புப் பாலிதீன் தாளை, மின்சாரம் கடத்தும் இரண்டு துணித்துண்டுகளுக்கு நடுவே வைத்துத் தைத்தால், வளைக்கும்போது உண்டாகும் அழுத்தத்தால் அதன் தடை குறைகிறது. கடைப் பட்டைக்கு நேர்மாறான திசை. சில ரூபாய்ச் செலவில் ஐந்து விரலும் முடிந்துவிடும். ஆனால் வளைத்து விட்ட பிறகு அது பழைய நிலைக்குத் திரும்பச் சோம்புகிறது. தவிர, தடை 100 கிலோ ஓமைத் தாண்டுமாறு செய்துவிட்டால், ஒரு விரலின் அளவு அடுத்த விரலின் அளவோடு கலந்து வருவதைக் காணலாம். ஊனோவின் சிப்பைச் செய்தவர்கள் 10 கிலோ ஓமுக்கு உட்பட்ட மூலத்தையே சிபாரிசு செய்கிறார்கள். ஒவ்வொரு காலுக்கும் தரைக்கும் நடுவே 0.1 மைக்ரோ ஃபாரட் கப்பாசிட்டர் ஒன்றைப் போட்டால் அந்தக் கலப்பு அடங்கும்.

மூட்டின் கோணத்தைத் துல்லியமாக அறிய வேண்டுமென்போர் மைப்பட்டையை விட்டு விலகுவதே நலம். லூசிட் குளவ்ஸ் என்ற திறந்த வடிவமைப்பில், அலுவலக அடையாள அட்டையைத் தொங்கவிடும் சுருள்நூல் பெட்டியிலிருந்து ஒரு நூல் விரல்நுனி வரை சென்று, விரல் மடங்கும்போது இழுபட்டு, ஒரு சாதாரணப் பொட்டென்ஷியோமீட்டரைச் சுழற்றுகிறது. மைப்பட்டையின் சஞ்சலங்கள் எவையும் அதற்கில்லை. பருமன் ஒன்றே அதன் குறை. மோதிரத்தில் ஒரு சிறு காந்தத்தையும் எதிரே ஹால் சென்சாரையும் வைக்கும் முறையில் தேய்மானமே கிடையாது; ஆனால் காந்தப் புலம் தூரத்தின் கனத்துக்கு ஏற்பக் குறைவதால், அருகில் மிகவும் நுட்பமாகவும் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு அப்பால் ஏறக்குறையக் குருடாகவும் அது நடந்துகொள்ளும். சிறிய அசைவை அறிய இதைவிட மேலான மலிவுச் சாதனத்தை நான் அறியேன்.

எம்.பி.யு.-6050 போன்ற சிப்புகளை விரலுக்கு ஒன்றாக ஒட்டுவோரும் உண்டு. ஈர்ப்பு விசையின் திசையை ஒரு பாகமும், சுழற்சியின் வேகத்தை மற்றொரு பாகமும் அளக்க, முன்னதிலிருந்து இரண்டு பங்கையும் பின்னதிலிருந்து தொண்ணூற்றெட்டுப் பங்கையும் கலந்து சாய்வைக் கணிப்பது வழக்கம். இதிலுள்ள நிரந்தரத் தொல்லை, செங்குத்து அச்சைச் சுற்றிய திருப்பத்தைச் சரிபார்க்க ஈர்ப்பு விசை உதவாமையால் அந்தக் கோணம் மெல்ல நகர்ந்துகொண்டே போவது. மேலும் அந்தச் சிப்புக்கு இரண்டே முகவரிகள் இருப்பதால், ஐந்தை ஒரே இணைப்பில் பேசவைக்க எட்டுக் கிளைகள் கொண்ட மற்றொரு சிப்பு தேவைப்படுகிறது. புறங்கையில் ஒன்றை வைத்துக் கையின் சாய்வை அறிவதற்கு இது உத்தமமான சாதனம். விரல்தோறும் வைப்பது பிரயாசையே தவிரப் பிரயோஜனம் குறைவு.

கையில் எதையும் அணியாமல் வேலை நடக்க வேண்டுமென்ற ஆசைக்கும் பல சாதனங்கள் உள்ளன. நான்கு திசை நோக்கிய ஒளியுணரிகளையும் ஓர் அகச்சிவப்பு விளக்கையும் கொண்ட ஏ.பி.டி.எஸ்.-9960, சாண் தூரத்தில் கை மேலே போயிற்றா கீழே போயிற்றா, இடமா வலமா என்று சொல்லும், பி.ஏ.ஜே.7620 வட்டமிடுவதையும் சேர்த்து ஒன்பது சைகைகளைத் தானே பிரித்தறியும். அடுக்களையில் ஈரக்கையோடு விளக்கைப் போடவும், பாட்டை மாற்றவும் இவை மிகவும் ஏற்றவை. ஆனால் இவை அறிவது கையின் போக்கை. விரலை இவை அறியா. விரலை விரலாகக் காண்பவை கேமராக்களே. 2013-இல் வந்த லீப் மோஷன் இரண்டு அகச்சிவப்புக் கேமராக்களால் கண்டது. 2019-இல் கூகிள் வெளியிட்ட மீடியாபைப் ஒரு சாதாரண வெப்கேமராவின் படத்திலிருந்தே ஒரு கைக்கு 21 புள்ளிகளைக் குறித்துக்கொடுக்கிறது. இரண்டுக்கும் பின்னால் ஒரு கம்ப்யூட்டரோ செல்போனோ வேண்டும். மைக்ரோகண்ட்ரோலர் அவை அனுப்பும் முடிவைக் கேட்டு நடக்கும் ஏவலாளாக நின்றுவிடுகிறது. அதே ஆண்டில் பிக்ஸல் 4 செல்போனில் கூகிள் வைத்த 60 கிகாஹெர்ட்ஸ் ராடார், விரல்கள் ஒன்றோடொன்று உரசுவதைக்கூட அறியும் நோக்கத்தோடு பிறந்தது. அந்த அலைவரிசைக்கு இங்கே அனுமதி கிட்டாமையால் அந்தச் செல்போன் இந்தியாவில் விற்பனைக்கே வரவில்லை.

தசையின் மின்துடிப்பைக் கேட்கும் வழியைச் சுருக்கமாகவே சொல்லலாம். கனடாவின் தால்மிக் லாப்ஸ் செய்த மையோ என்ற முன்கைப் பட்டையில் எட்டு உணரிகள் இருந்தன. 2018-இல் அதன் விற்பனை நின்றது. இன்று தனித்தனியாகக் கிடைக்கும் மையோவேர் போன்ற பலகைகள், தோலில் ஒட்டும் மின்முனைகளின் மூலம், கையை இறுக்கினாயா தளர்த்தினாயா என்பதைத் தெளிவாகச் சொல்லும். எந்த விரல் என்று கேட்டால், அடுத்தடுத்துக் கிடக்கும் தசைகளின் ஒலிகள் கலந்துபோவதால், ஒரே உணரி விடையளிக்க முடியாது.

இத்தனை வழிகளையும் பார்த்த பின், மிகக் குறைவாகக் கவனிக்கப்பட்டதும், என் மதிப்பில் பெரும்பாலான காரியங்களுக்கு மிகவும் தகுந்ததுமான வழிக்கு வருகிறேன். தொடுகையைக் கவனிப்பதே அது. நம் வீட்டுப் பெரியவர்கள் ஜபத்தின் எண்ணிக்கையையும் நாள் கணக்கையும், கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணுவதை எல்லோரும் கண்டிருக்கிறோம். நான்கு விரல்களுக்கும் மும்மூன்று கணுக்களாகப் பன்னிரண்டு இடங்கள். கண்ணால் பாராமலே, இருட்டிலும், பேச்சின் நடுவிலும், எந்தக் கணுவைத் தொடுகிறோம் என்று கட்டைவிரலுக்குத் தெரியும். மின்சாரம் கடத்தும் துணியைப் பன்னிரண்டு கணுக்களிலும் தைத்து, கட்டைவிரல் நுனியில் ஒரு துண்டைத் தைத்து அதைத் தரையோடு இணைத்துவிட்டால், ஒரு கையே பன்னிரண்டு விசைகள் கொண்ட பலகையாகிவிடுகிறது. ஊனோவின் பதினான்கு டிஜிட்டல் கால்களில் கம்ப்யூட்டரோடு பேசும் இரண்டை விலக்கினால் எஞ்சுவதும் சரியாகப் பன்னிரண்டு. சிப்புக்குள்ளேயே 20 முதல் 50 கிலோ ஓம் வரையிலான மேலிழுப்பு ரெசிஸ்டர் இருப்பதால் வெளியே ஒரு பாகமும் தேவையில்லை. அளவுகோல் வேண்டாம், எல்லை நிர்ணயம் வேண்டாம். தொட்டது அல்லது தொடவில்லை என்பது மட்டுமே கேள்வி. தொடும் கணத்தில் தொடர்பு துள்ளுவதைப் பொருட்படுத்தாமலிருக்க இருபது மில்லி விநாடி பொறுத்துப் படித்தால் போதும். ஈரம் ஒன்றே இதற்குப் பகை; வேர்வையில் நனைந்த பருத்தி அடுத்தடுத்த கணுக்களை இணைத்துவிடக்கூடுமாதலால், கடத்தும் துண்டுகளுக்கு அடியில் ஈரம் உறிஞ்சாத துணியைக் கொடுப்பது அவசியம். தொண்ணூறுகளில் ஃபேக்ஸ்பேஸ் நிறுவனம் விரல்நுனிகளை மட்டும் கொண்டு செய்த பிஞ்ச் குளவ்ஸ் இந்த முறையின் மேன்மையை அப்போதே காட்டியது. விரல் மடங்கிய கோணம் நமக்கு உண்மையிலேயே வேண்டியிருந்தாலன்றி, கோணத்தை அளந்து அதைப் பொத்தானாகக் குறுக்குவதைவிட, பொத்தானையே விரலில் வைத்துக்கொள்வது நேரான வழி.

சைகை மொழியைப் பேச்சாக்கும் கையுறை என்பது மாணவர்களை மிகவும் கவர்ந்த விஷயம். அதைப் பற்றி மௌனமாக இருக்க எனக்கு மனமில்லை. 2016-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர் இருவர் செய்த சைன்அலவுட் கையுறைகள் லெமல்சன்-எம்.ஐ.டி. மாணவர் பரிசைப் பெற்றபோது, காது கேளாதோரும் மொழியியல் அறிஞர்களும் எழுப்பிய ஆட்சேபம் இன்னும் பதிலின்றியே நிற்கிறது. சைகை மொழிகளில் இலக்கணத்தின் ஒரு பெரும் பகுதி முகத்தில் இருக்கிறது. புருவம் உயர்வதும், தலை சாய்வதும், உடல் திரும்புவதும் வினாவையும் மறுப்பையும் உணர்த்துகின்றன. கையுறைக்கு அவற்றில் ஒன்றும் தெரியாது. இந்தியச் சைகை மொழியில் வேறொரு சங்கடமும் உண்டு. அதில் பெரும்பாலான ஆங்கில எழுத்துகளைக் காட்டுவதற்கு இரண்டு கைகளும் வேண்டும். அமெரிக்கச் சைகை மொழியின் ஒற்றைக்கை எழுத்துகளை ஒரு வலக்கைக் கையுறையில் அமைத்துவிட்டு, நம் நாட்டுச் செவித்திறன் அற்றோருக்கு உதவப்போவதாகச் சொல்லும் புராஜெக்ட் அறிக்கைகள், அவர்களில் ஒருவரையேனும் கண்டு பேசாமல் எழுதப்பட்டவை என்பது முதல் பக்கத்திலேயே வெளிப்பட்டுவிடுகிறது. 2015 முதல் டில்லியில் இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் என்று ஒரு தேசிய நிறுவனமே இயங்கிவருகையில், சென்சார் வாங்குமுன் அந்த மொழியைச் சிறிதேனும் கற்பது கடினமான காரியமல்ல.

இதே உழைப்பை, பக்கவாதத்தாலோ நரம்பு நோயாலோ கையின் பெரும்பகுதி செயலிழந்து, ஒரு விரலின் சிறு அசைவே எஞ்சியிருப்பவர்களுக்குச் செலுத்தினால் பலன் உடனே தெரியும். அவர்களுக்கு ஐந்து விரலும் வேண்டாம், ஆயிரம் படியும் வேண்டாம். நாலைந்து பாகை அசைவை ஐயமின்றி அறிந்து, நடுக்கத்தைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளாமல் இருக்கும் ஒற்றை விசை வேண்டும். மைப்பட்டை இதற்குப் போதாது. விரல்நகத்தின் மேல் ஒட்டிய அரிசியளவுக் காந்தமும், ஒரு சென்டிமீட்டர் தள்ளி நிற்கும் ஹால் சென்சாரும் போதும். அன்றன்று அணிவிக்கும்போது அந்த நபரின் அன்றைய அசைவின் எல்லைகளை அளந்துகொண்டு, அதில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டி, கால் விநாடியேனும் அங்கே நின்றால்தான் விசை அழுந்தியதாக ஏற்கும்படி நிரலை அமைக்கலாம். இங்கே தாமதம் குற்றமாகாது, தவறாக அழுந்துவதே குற்றம். லியொனார்டோ போன்ற பலகை கம்ப்யூட்டருக்குத் தன்னைக் கீபோர்டாகவே காட்டிக்கொள்ளுமாதலால், அந்த ஒரு விசையை ஸ்பேஸ் பாரின் அழுத்தமாக அனுப்பி, திரையில் எழுத்துகள் தாமே நகர்ந்துவர, வேண்டிய இடத்தில் நிறுத்தித் தேர்ந்தெடுக்கும் மென்பொருளோடு சேர்த்துவிடலாம். பலகையிலிருந்து ஒரு சிறு ரிலேயை இயக்கி 3.5 மில்லிமீட்டர் மோனோ செருகியில் முடித்துவிட்டால், உடல் ஊனமுற்றோருக்கெனச் செய்யப்படும் பேசும் கருவிகளும் விளையாட்டுப் பொருள்களும் பொதுவாக ஏற்பது அந்தச் செருகியையே ஆகையால், வேறு மாற்றம் எதுவுமின்றி அவற்றிலும் அதே விரல் இயங்கும்.